விற்ற லீவு

என் வீட்டுக்காரர் அச்சகத்தில் மெஷின் ஓட்டினார். எடுக்காத லீவை வருடக் கடைசியில் கம்பெனிக்கே விற்றுக் காசாக்கிக்கொள்ளலாம் என்பது அங்கே வழக்கம். அவர் ஒரு நாளைக்கூட விட்டுவைக்காமல் விற்றார். ஒரு வருட லீவு ஃபிரிட்ஜாக வந்தது, இன்னொரு வருட லீவு சோபாவாக வந்தது. வீண்செலவே தெரியாத மனிதர் என்று சொந்தக்காரர்கள் மெச்சுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஒரே ஒரு நாள் லீவு போடுங்க. கடற்கரைக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்துட்டு வரலாம்" என்பேன்.

"ரிடையர் ஆனதும் தினமும் போகலாம். கடல் எங்க போயிடப் போகுது?" என்பார்.

கடல் எங்கும் போகவில்லை. ரிடையர் ஆவதற்கு முன்பே அவர்தான் போய்விட்டார்.

சோபாவில் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். நான் இன்னும் ஓரத்தில்தான் உட்காருகிறேன்.

போன வாரம் மகள் வந்திருந்தாள். "ஃபிரிட்ஜ் என்னம்மா இந்தச் சத்தம் போடுது? இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கித் தரேன்" என்றாள்.

"வேண்டாம்டி. அது உங்கப்பா என்கூட இருந்திருக்க வேண்டிய நாளு. சத்தம் போட்டாப் போட்டுட்டுப் போகட்டும். வீட்டுல ஆள் இருக்கிற மாதிரி இருக்கு" என்றேன்.