எதிர்க் கதிரையில் இருந்து அளந்தவை

மனிதருடைய மூளையை அளப்பது என் தொழில். தையற்காரர் இடுப்பை அளப்பதைவிடச் சற்றுக் கஷ்டம், பிழைத்தால் வரும் சேதமும் சற்றுப் பெரிது. மன்னார்த் தீவிலும் எதிரேயுள்ள பெருநிலத்திலும் பள்ளிக்கூடம், அலுவலகம் என்று ஒரு பெட்டியோடு அலைகிறேன். பெட்டிக்குள் படங்கள், சிவப்பும் வெள்ளையுமான கட்டைகள், ஒரு மணிக்கூடு, எல்லாவற்றுக்கும் சரியான விடை சொல்லும் ஒரு கையேடு. வாழ்க்கையில் ஒரு தடவையாவது பரீட்சைத் தாளைப் பார்த்துப் பேனையைக் கடித்தவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தம்தான். ஆகையால் உங்களிடம் கூச்சமில்லாமல் சொல்கிறேன்.

பொருந்தாதது எது?

மாடு, ஆடு, கழுதை, லொறி என்று நான்கு படங்கள். பொருந்தாததைத் தொட்டுக் காட்ட வேண்டும். லொறி என்கிறது கையேடு. இந்தத் தீவிலுள்ள தாராபுரத்து ஏழு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி யோசிக்காமலே கழுதையில் விரலை வைத்தாள். பூச்சியம் போட்டேன். போட்ட பிறகு மனம் கேட்கவில்லை. ஏன் கழுதை என்று விசாரித்தேன்.

மன்னார்ப் பட்டினத்தில் பஸ் நிலையத்திலும் வங்கி வாசலிலும் கழுதைகள் தம்பாட்டில் நிற்பதை நான் தினமும் பார்க்கிறவள். வாகனத்தில் இருந்தபடி ஒலி எழுப்பி ஒலி எழுப்பி அலுத்துப்போய், இறங்கி அவற்றைத் தள்ளியும் விட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளை என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். “மத்த மூண்டுக்கும் சொந்தக்காரர் இரிக்காங்க மிஸ். கழுதைக்கு ஆர் இரிக்காங்க?”

சந்தேகக் குணம்

ஒரு நிறுவனத்துக்குக் களஞ்சியப் பொறுப்பாளர் தேவைப்பட்டார். விண்ணப்பித்தவர்களின் குணத்தை அளந்து சொல்லும்படி என்னை அழைத்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் ‘சரி’ அல்லது ‘பிழை’ என்று குறிக்க வேண்டும். ‘என்னை யாரோ கவனித்துக்கொண்டே இருப்பதாக எனக்குத் தோன்றும்’ என்பது அதில் ஒன்று. கொண்டச்சிக் கிராமத்தில் இருந்து வந்த இளைஞர் ‘சரி’ என்று அழுத்திக் குறித்திருந்தார். அளவு மீறிய சந்தேகக் குணம் என்று கையேடு எச்சரித்தது.

ஆளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. கூப்பிட்டுக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். “தோணுறது இல்ல மிஸ், பாக்கத்தான் செய்றாங்க. எங்கட வீட்டுக்கு முன்னால படைக்காரங்கட காவல் கோபுரம் இரிக்கி. ஒரு நாளைக்கு வாங்க, காட்டுறன்.”

வாய் திறக்காதவள்

இனி யாழினியின் கதை. வயது எட்டு. தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்தவள். குடும்பம் ஊர் திரும்பி, திருக்கேதீஸ்வரத்துக்குக் கிட்ட வயல் செய்கிறது. ‘பிள்ளை பேசுவதில்லை, சொல்வதும் விளங்குவதில்லை’ என்று வகுப்பாசிரியை எழுதியிருந்தார். நான் போடும் புள்ளி குறைந்தால் அவளை வேறொரு பள்ளிக்கூடத்தில், கற்றலில் பின்தங்கிய பிள்ளைகளுக்கான விசேட அலகுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே போன எந்தப் பிள்ளையும் திரும்பி வந்ததை நான் கண்டதில்லை.

சவர்க்காரம் எதற்கு என்று கேட்டேன். மௌனம். சைக்கிளுக்கு எத்தனை சில்லு? மௌனம். சரி, பேசத் தேவையில்லாத கட்டைகளைக் கொடுப்போம் என்று ஒவ்வொன்றாக ஏழு படங்களைக் காட்டி, அதேபோல அடுக்கச் சொன்னேன். கடகடவென்று அடுக்கினாள், ஆனால் கையேடு சொன்னபடி பிள்ளையின் பக்கமிருந்து பார்த்தால் ஏழு வடிவமும் தலைகீழ். தலைகீழ் என்றால் பூச்சியம். கூட்டிப் பார்த்தேன், விசேட அலகுக்குப் போதுமான அளவு குறைந்திருந்தது. வாசலில் நின்ற தாயிடம், பிள்ளை வீட்டிலும் இப்படித்தானா என்று கேட்டேன். அவர் கண் கலங்கிவிட்டது. “வீட்டில வாய் ஓயாது மிஸ். பள்ளிக்கூடத்தில வாயைத் திறந்தா இந்தியாத் தமிழ் வருது எண்டு பிள்ளையள் சிரிக்குதுகள். அதால, கதைக்க வேண்டாம் எண்டு நான்தான் சொல்லி விட்டனான்.”

தலைகீழ்

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு நேரமும் நான் அளந்தது அந்தப் பிள்ளையின் மூளையை அல்ல, தாய் சொல்லைத் தட்டாத குணத்தை. தாய் போய் அவள் காதில் ஏதோ சொன்னார். திரும்பவும் அவளை இருத்தி, “சவர்க்காரம் எண்டா சோப்பு. சில்லு எண்டா சக்கரம். இனி எந்தத் தமிழிலயும் கதைக்கலாம்” என்றேன். மடை திறந்தது. சோப்பைப் பற்றி மட்டும் ஐந்து நிமிடம் பேசினாள்.

ஆனாலும் கட்டைகள் உறுத்தின. கட்டைக்கு ஏது இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ்? ஏன் எல்லாவற்றையும் தலைகீழாக வைத்தாய் என்று கேட்டேன். அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. பிறகு மேசையைச் சுற்றி வந்து என் கதிரைக்குப் பக்கத்தில் நின்று, கடைசியாக அடுக்கியிருந்த வடிவத்தைக் காட்டினாள். அங்கிருந்து பார்க்கையில் அது படத்தில் இருந்தது போலவே, ஒரு கட்டை பிசகாமல் நேராக இருந்தது. “நீங்க எதிர்ல உக்காந்திருக்கீங்கல்ல மிஸ்? உங்களுக்குத் தலைகீழா தெரியக் கூடாதுன்னு, உங்க பக்கமா அடுக்கினேன்.”

கையேட்டில் இதற்கு ஒரு புள்ளியும் இல்லை. ஏழு வடிவங்களையும் மனதுக்குள் திருப்பி, அந்நியப் பெண்ணொருத்தியின் கண்ணுக்கு ஏற்றபடி வைத்த எட்டு வயதுப் பிள்ளைக்கு முன்னால் என் பட்டமும் பெட்டியும் சின்னதாகிப்போயின. எழுந்து கும்பிட வேண்டும் போல இருந்தது.

சில கிழமைகள் கழித்து, வேறு வடிவங்களோடு, கதிரையை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு திரும்ப அளந்தேன். வந்த புள்ளி மிக உயர்ந்தது. தாய் வாயால் சொன்னால் நம்பாத கல்விக் கந்தோர் அதிகாரிகள் அந்த எண்ணைக் கண்டதும் நம்பினார்கள். யாழினி தன் வகுப்பிலேயே இருக்கிறாள், வாய் ஓய்வதில்லை என்று இப்போது அதே ஆசிரியை முறைப்பாடு செய்கிறார். சோதனையால் பலன் இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

முதல் அறிக்கையைக் கிழிக்காமல், அடியில் ஒரு வரி மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்: ‘பிள்ளை வைத்த கட்டைகள் சரி, அளந்தவர்தான் தலைகீழாக இருந்தார்.’