பேர் எழுத முடியாத சம்பளம்

நான் சொல்வதில் ஒரு வார்த்தை பொய் என்றால், இப்போதே என் பல் செட் கழன்று இந்தக் கோப்பிக்குள் விழட்டும். நன்கொடை வசூல் என்பது, கேட்டது கிடைக்காமல் கேட்காதது வந்து குவியும் தொழில். செருப்புத் தேயக் கதவு தட்டிய என் இனத்தாருக்கு இது தெரியும். எண்பதுகளில் திகாம் பத்து என்ற ஊரின் முதியோர் இல்லத்துக்கு நான்தான் வசூல்காரன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்து, தோட்ட வீட்டையும் காலி செய்துவிட்டுப் போக்கிடம் இல்லாமல் வந்தவர்கள் அங்கே இருந்தார்கள்.

நாற்காலி

சமையற்காரி அஞ்சலையின் சம்பளமும் கரண்ட் பில்லும் அரசாங்க மானியத்தில்தான் ஓடின. ஒரு வருஷம் அது நின்றது. அதைக் கொடுத்த ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த மலாய்க்காரர் நல்ல மனிதர், தோட்டத்தில் வளர்ந்து தமிழ் பேசுபவர். கோப்பி வாங்கிக் கொடுத்து, மேலே வெட்டிவிட்டார்கள், பணக்காரர்களைப் பாருங்கள் என்றார். நான் எழுந்திருக்கவில்லை. ஆபீஸ் சாத்தும் நேரத்தில் நாலு பேர் என்னை நாற்காலியோடு தூக்கி வாசலில் வைத்தார்கள். அங்கேயும் அசையவில்லை. மழை பிடித்ததும் அவரே குடையோடு வந்தார்.

“பக்சிக், துயிட் இல்ல லா, காசே இல்ல. நாற்காலியையாவது திருப்பிக் கொடுங்க.”

அஞ்சலை

செய்தியை அஞ்சலையிடம் சொன்னேன். பாக்கார் ஆராங்கில் இருந்த அவள் மகன் ரொம்ப நாளாக அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் போனால் அடுப்பு அணையும், அடுப்பு அணைந்தால் இல்லம் மூடும். அவள் கரண்டியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள்.

“மானியம் நின்னா கெழவங்களுக்குப் பசி நின்னுருமா? தீபாவளி வரைக்கும் சும்மா ஆக்கிப் போடுறேன்ணே. அதுக்கு மேல எனக்கும் வயிறு இருக்கு.”

கடிகாரங்கள்

பணக்காரர்கள் கொடுக்காமல் இல்லை. பேர் எழுத இடமிருக்கும் சாமானாகப் பார்த்துக் கொடுத்தார்கள். துணிக்கடைக்காரர் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் கடிகாரமே கொடுத்தார்கள். கூடத்தில் இடமில்லாமல் கக்கூசிலும் ஒன்று தொங்கியது. ஒன்றுக்கொன்று மணி ஒத்துப்போகாது. பன்னிரண்டு அடிக்கத் தொடங்கினால் சோறு தின்று கைகழுவும் வரை அடிக்கும். மெர்போக் ஊர்ப் பக்கத்துச் சேவல்களெல்லாம் குழம்பிப்போய் நடுமத்தியானத்தில் கூவ ஆரம்பித்தன.

நான் நகைக்கடைக்காரரிடம் போய், கடிகாரம் வேண்டாம், அஞ்சலைக்கு மாதச் சம்பளம் கொடுங்கள் என்றேன். மனிதர் உண்மையாகவே யோசித்தார். எனக்கு ஒரு சோடாவும் உடைத்துக் கொடுத்தார்.

“தரலாம்தாண்ணே. ஆனா சம்பளத்துல பேர எங்க எழுதுறது?”

தீபாவளி

தீபாவளியன்று காலையிலிருந்து பிரியாணி வந்தது. ஒரு சங்கம் போனதும் இன்னொரு சங்கம், போட்டோக்காரர் சகிதம். இல்லத்தில் மைக்கல் என்றொரு பெரியவர், மாதா கோயிலுக்குப் போகும் கத்தோலிக்கர், வாயைத் திறந்தால் ஊசி. அவர்கூட மூன்றாவது தட்டைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். அடுத்த வேன் வந்தபோது அஞ்சலை கேட்டைச் சாத்திவிட்டு நடுவில் நின்றாள். சங்கத் தலைவர் மாலையும் கழுத்துமாக இறங்கி, இது தர்ம காரியம் என்று விளக்கினார்.

“அண்ணே, இவங்க தீபாவளிக்கு மட்டும் திங்கிற சாதி இல்ல. வர்ற புதன்கிழம சட்டி காலி. அன்னிக்கி ரசஞ்சோறு கொண்டாந்தீங்கன்னா நானே மால போடுறேன்.”

புதன்கிழமை யாரும் வரவில்லை. அஞ்சலை பையைக் கட்டினாள்.

காற்றாடி

அவள் கிளம்புவதற்குள் வந்தவர் ஒரு லாரி முதலாளி. ஒவ்வொரு அறைக்கும் கூரைக் காற்றாடி, ஒவ்வொரு இறக்கையிலும் அவர் பேர். அன்று காலைதான், பில் கட்டாததால் கரண்ட்டை வெட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நான் அதை முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வந்திருப்பாரா? முதலாளி சுவிட்சைத் தட்டினார். மறுபடி தட்டினார். மாலை போட்ட காற்றாடி அப்படியே தொங்கியது. கைதட்ட நின்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். மைக்கல் மட்டும் தலையை அண்ணாந்து நிதானமாகக் கேட்டார்.

“காத்தாடி ஒங்க பேரு, சரி லா மொதலாளி. காத்து யாரு பேருல வரும்?”

லாரி

முதலாளி விருட்டென்று கிளம்பிப் போனார். என் வசூல் வாழ்க்கை முடிந்தது என்றே நினைத்தேன். மறுநாள் போட்டோக்காரன் இல்லாமல், தானே லாரியை ஓட்டிக்கொண்டு வந்தார். அஞ்சலை பையோடு வாசலில் நின்றாள். அவர் பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, எது இல்லாவிட்டால் இந்த இடம் நின்றுபோகும் என்று கேட்டார். கரண்ட், அரிசி, நான் என்றாள். மாதா மாதம் தருகிறேன், எதற்குச் செலவு செய்தீர்கள் என்று கேட்க வரமாட்டேன், மானியம் திரும்பி வந்தாலும் நிறுத்தமாட்டேன் என்றார். நான் நன்றிப்பலகை பற்றி வாயெடுத்தேன். அவர் என் சட்டையைப் பிடித்தார்.

“எம் பேரு மட்டும் வெளிய வந்துச்சு, ஒன்ன லாரியில ஏத்தி தாய்லாந்துல எறக்கிருவேன்.”

பேர் போட்ட கடிகாரங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயும் அஞ்சலையின் உலை மட்டும் கொதித்துக்கொண்டே இருந்தது என்பதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், சொன்னது யாரென்று மட்டும் மூச்சு விடாதீர்கள், அந்த லாரி இன்னும் ஓடுகிறது.