எட்டு நிமிஷப் படத்துக்கு ஓர் இடைவேளை

தியேட்டரில் படம் ஓட்டினேன் என்று இருபது வருஷத்துக்கு மேலாகச் சொல்லி வந்திருக்கிறேன். பொய். நான் இடைவேளையில் இறைச்சி ரோல்ஸ் விற்றேன்.

முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. ஜேர்மனியில் ஹம் நகரத்திலிருந்து ரயிலில் அரை மணி தள்ளி, சோளக்காடுகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். தொழிற்சாலை வேலைக்கு வந்த ஒரு கிரேக்கத் தம்பதி, அங்கே மூடிக்கிடந்த நடன மண்டபத்தைத் தியேட்டர் ஆக்கியிருந்தார்கள். ஞாயிறு காலைகளில் அதை இலங்கைத் தமிழர் எங்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். தூரத்து எசன் நகரத்திலிருந்தெல்லாம் சனம் வந்து தமிழ்ப் படம் பார்த்தது. படத்தின் நடுவில் இடைவேளை எதற்கு என்று ஜேர்மன்காரருக்கு விளங்காது. கிரேக்கருக்கு விளங்கியது; அவர்கள் நாட்டிலும் அப்படித்தானாம். இடைவேளைக்குத் திரைச்சீலையை மூடும் பொத்தான் மேலே, படம் ஓட்டும் மெஷின் அறையில் இருந்தது. ரோல்ஸ் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு மேலே ஓடிப்போய் அதை அமுக்குவது என் பொறுப்பு.

யவனர்கள் மிளகு தேடிக் கப்பலில் வந்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். அந்த மிளகை ரோல்ஸுக்குள் வைத்து யவனரின் வாசலிலேயே விற்றவன் என்ற முறையில் சரித்திரத்தில் எனக்கும் ஓர் அடிக்குறிப்பு உண்டு. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மகள் கதை கேட்கும் வயதுக்கு வந்தபோது பொத்தான் வளர்ந்து மெஷின் ஆகிவிட்டது.

மகள் இப்போது முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். ஒரு நாள் போன் எடுத்தாள்.

"அப்பா, நான் பாக்கிற கிரேக்க அம்மா இருக்கிறா எல்லே, தியேட்டர்க்காரற்ர மனுசி. பூட்டிக்கிடந்த தியேட்டரை ஊர்ச் சங்கத்தார் திருத்தி முடிச்சிட்டினமாம். பழைய மெஷினும் ஓடுதாம். ஓட்டத் தெரிஞ்ச ஆள்தான் இல்லையாம். நான் சொல்லிட்டன்."

"என்னத்தைச் சொன்னனி?"

"உங்களைத்தான். அம்மாக்குச் சரியான சந்தோசம். Termin குறிச்சாச்சு, ரெண்டு கிழமையால வாற ஞாயிறு பதினொரு மணி. வருவியள்தானே?"

"ஓம்" என்றேன். வாய் என்பது எனக்கு வாய்த்த சத்துரு.

ஓட்ட வேண்டியது எட்டு நிமிஷச் சுருள் ஒன்று. தியேட்டர் திறந்த நாளில் யாரோ பிடித்தது. அந்த அம்மாவின் கணவரான கிரேக்கர் இறந்து பல வருஷம். அவர் நடமாடுவது அந்தச் சுருளில் மட்டும்தான். பிரதி எடுக்கலாம் என்று ஊர்ச் சங்கம் கேட்டதற்கு, அந்த அம்மா கையைவிட்டுக் கொடுக்க மறுத்துவிட்டாராம். மெஷினில் சுருள் சிக்கி நின்றால் விளக்குச் சூட்டில் கருகிவிடும் என்று எனக்கே தெரியும். எனக்குத் தெரிந்தது அது மட்டும்தான்.

இரண்டு வாரம் இருப்புக்கொள்ளவில்லை. யூடியூபில் யாரோ ஒரு தாடிக்காரர் படச்சுருள் கோர்ப்பதைப் பார்த்து, சமையலறைக் கதிரைக் கால்களைச் சுற்றி பேக்கிங் பேப்பரைக் கோர்த்துப் பழகினேன். ஐந்து முறையும் கிழிந்தது. உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று மகளுக்கு மூன்று தரம் போன் எடுத்து, மூன்று தரமும் மழை பெய்கிறதா என்று கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. புதுச் சிவப்புக் கதிரைகள், பழைய திரைச்சீலை. முன்வரிசைகளில் ஊர்க்காரர், பின்னால், அந்தக் காலத்து எங்கள் சனம் ஒரு முப்பது பேர். நகரபிதா பேசத் தொடங்கியபோது அந்த அம்மா சுருள் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு என் தோளைப் பிடித்தார். ஆபரேட்டரோடு தானும் மேலே போகவேண்டுமாம். ஒவ்வொரு படியாக ஏறினோம். அறைக் கதவைச் சாத்தியதும் என் வாய் தானாகவே திறந்தது.

"அம்மா, எனக்கு இதை ஓட்டத் தெரியாது. நான்..."

"ரோல்ஸ்காரன்" என்றார். அவருடைய ஜேர்மனும் என்னுடையதும் ஒரே கல்லூரியில், அதாவது தொழிற்சாலைத் தளத்தில் படித்தவை. இலக்கணம் குறுக்கே வராமல் பேசிக்கொள்வோம். "தெரியும். உன்ர மகள் சொன்னவுடனேயே தெரியும்."

"பிறகேன் கூப்பிட்டனீங்கள்?"

"இந்த வயசில கிழவியைப் படியேற விடுவாங்களோ? ஆபரேட்டர் ஒராள் வாறார், நான் சும்மா பக்கத்தில இருக்கிறன் எண்டு சொன்னதாலதான் விட்டவங்கள். மெஷினை எப்பவும் ஓட்டினது நான். அவருக்கு மீசையை முறுக்கிக்கொண்டு டிக்கெட் கிழிக்கத்தான் தெரியும். நீ அங்கால போய் உன்ர பொத்தானோட நில்."

பொத்தானருகே போய் நின்றேன். அந்த அம்மாவின் விரல்கள் நடுங்கின. ஆனால் சுருளைத் தொட்டதும் நடுக்கம் எங்கோ போய்விட்டது. மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம், பல்சக்கரம், மூடி. மெஷின் கடகடத்தது. நான் பொத்தானை அமுக்கினேன். சீலை விலகியது. திரையில் இதே வாசல், கோட்டுப் போட்ட கூட்டம், நடுவில் மீசையோடு கிரேக்கர், டிக்கெட் கிழித்துக்கொண்டு.

திடீரென்று திரை கறுத்தது. சுருளில் பழைய ஒட்டு ஒன்றுதான், இரண்டு விநாடி. ஆனால் கருகிவிட்டது என்று என் நெஞ்சு சொல்ல, கை பொத்தானை அமுக்கிவிட்டது. சீலை ஆடி அசைந்து மூடத் தொடங்கியது. அது முழுதாக மூடாமல் திரும்பத் திறக்காது. அந்தக் காலத்திலேயே அப்படித்தான்.

ஜேர்மன்காரர்கள் அசையாமல் இருந்தார்கள். எங்கள் முப்பது பேரும் ஒரே ஆளாக எழும்பினார்கள். "இடைவேளை! தேத்தண்ணி எங்க?" என்று ஒரு குரல் கேட்டது. கதவைத் திறந்துகொண்டு வெளியே போயும் விட்டார்கள்.

மெஷினை நிறுத்த முடியாது. நிறுத்தினால் கருகும். சிவப்புச் சீலையின் மடிப்புகளில் ஒடுங்கிய உருவமாகக் கிரேக்கர் தொடர்ந்து டிக்கெட் கிழித்தார். மன்னிப்புக் கேட்கத் திரும்பினேன். அந்த அம்மா சின்னக் கண்ணாடி ஜன்னலில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெலிஞ்சு போனார்" என்றார்.

மீண்டும் பொத்தானை அமுக்கிச் சீலை திறந்தபோது இரண்டு நிமிஷம் மிச்சமிருந்தது. கிரேக்கர் கேமராவைப் பார்த்து, உள்ளே வாருங்கள் என்று கையசைத்தார். அந்த அம்மாவும் கையை அசைத்தார், மிகச் சிறிதாக. சுருள் முழுதாக வெளியே வந்தது. ஓர் ஓரம்கூடக் கருகவில்லை. கீழே நகரபிதா மேலே பார்த்து எனக்குக் கைதட்டினார். தலை குனிந்து ஏற்றுக்கொண்டேன். வேறென்ன செய்வது?

அடுத்த கிழமை மகள் போன் எடுத்தாள்.

"அப்பா, வாற மாசமும் ஓட்டப் போறாவாம். உங்களைக் கட்டாயம் வரட்டாம்."

இருபது வருஷப் பொய் கடைசியில் உண்மையாகிறது என்று நிமிர்ந்து இருந்தேன்.

"பொத்தானுக்கு வேற ஆள் பாத்திட்டாவாம். நீங்கள் ரோல்ஸ் மட்டும் கொண்டு வரட்டாம். மிளகைக் கொஞ்சம் குறைக்கட்டாம். அந்தக் காலத்திலயும் அது கூடத்தானாம்."