சூடம் இல்லாத கூட்டம்

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு எல்லாம் கெட ஆரம்பித்தது. லகாட் ஊரிலிருந்து அந்நேரத்துக்கு வரவேண்டிய மாட்டுவண்டி வரவில்லை. என் மகன் தலைவாரி, வெளுத்த சட்டை போட்டு, துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தான். நான் சுவர்க் கடிகாரத்தையும் செம்மண் சாலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கு எங்கள் தோட்டத்துக் கள்ளுக்கடை திறக்கும்.

நான் அந்த ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். மகனுக்கு ரப்பர் பால் கொட்டகையில் நிறுவை வேலை. அவன் தாய் காய்ச்சலில் போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். அவன் கண் மஞ்சளாகி வயிறு வீங்கத் தொடங்கியபோது, மருந்துக் கொட்டகையில் வைத்தியம் பார்க்கும் டிரெஸர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஈரல் கெட்டுக்கிட்டு வருது வாத்தியாரே. இப்படியே குடிச்சா அடுத்த தீபாவளி பாக்க மாட்டான்."

அதற்குப் பிறகுதான் மதுவிலக்குக் கூட்டங்களைத் தேடத் தொடங்கினேன்.

முதலில் ஈப்போவில் ஒரு கோயில் மண்டபம். பேசியவர்கள் கடை முதலாளிகளும் கணக்கெழுதும் கிராணிமார்களும். நன்றாகத்தான் பேசினார்கள்; கள்ளை நாக்கில் வைத்துப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. முடிவில் ஒரு தாம்பாளத்தில் சூடம் கொளுத்திக் கொண்டுவந்தார்கள். குடியை விடுகிறவன் எல்லார் முன்னாலும் அதைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். என் மகன் எழுந்து போனான். கையை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு கையை மடக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டான்.

"ஏன்டா?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"போன ஆடியில நம்ம தோட்டத்து ஆத்தா கோயில்ல சூடம் அடிச்சேன்லப்பா. மூணு நாளு தாங்கல. ஒரு தடவ அவகிட்ட பொய் சொன்னது போதும். மறுபடியும் அடிச்சு ஒடச்சேன்னா, கள்ளு கொல்றதுக்கு முந்தி அவ கொன்னுருவா."

நான் படித்தவன். ஆனாலும் அது வீண் பயம் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பயம் எனக்கும் இருந்தது.

அடுத்து ஜெலாப்பாங்கில் ஒரு கூட்டம். அங்கேயும் சூடம். பக்கத்துத் தோட்டத்துக் கூட்டத்திலும் சூடம். சத்தியத்தை உடைத்தவன் வெட்கத்தாலும் பயத்தாலும் மறுபடி அந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை என்பது மெல்லத்தான் எனக்கு விளங்கியது. கடைசியில் அங்கே மிஞ்சுகிறவர்கள் ஒருநாளும் குடிக்காதவர்கள்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெரிய கங்காணி எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்: "என்னா வாத்தியாரே, ஊரூராப் போயி சூடம் பாக்குறீங்களாமே? ஒங்க மவனுக்கு ஒரு பெட்டி சூடம் பத்தாதே." சனங்கள் சிரித்தார்கள். என் மகனும் சிரித்தான். அதுதான் என்னை வதைத்தது.

பிறகு லகாட் சந்தையில் யாரோ சொல்லி, குடியை விட்டவர்கள் கூடும் ஒரு வண்டிக் கொட்டகைக்குப் போனோம். ஐந்தாறு பேர் வைக்கோல் மேல் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டு, பால் இல்லாத கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். கொட்டகைக்காரர் முன்பு ஈயச் சுரங்கத்தில் கிராணி; குடியால் அந்த வேலை போய், இப்போது வண்டி ஓட்டுகிறவர்.

மகன் நின்றுகொண்டே கேட்டான். "சூடம் எங்கண்ணே?"

"சூடமா? இங்க இருக்கறவன் அம்புட்டுப் பேரும் அடிச்சு ஒடச்சவன்தான் தம்பி. கடை தொறக்குற நேரத்துக்கு வந்து எங்ககூட உக்காரு. இருட்டுனதும் வீட்டுக்குப் போ. வேற ஒண்ணும் கெடையாது."

அவன் உட்கார்ந்தான். வாங்கிய கோப்பி வேட்டியில் சிந்தியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவர் சீட்டைக் கலைத்து அவனுக்கும் போட்டார். வீடு திரும்பும்போது, "நல்ல மனுசங்கப்பா," என்றான். ஆனால் கால் வீங்கியிருந்ததால் பாதி வழியில் நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டான். அதைக் கேள்விப்பட்ட கொட்டகைக்காரர், ஞாயிறன்று தானே வந்து அழைத்துப்போவதாகவும், கொஞ்ச நாள் தங்களோடு வைத்துக்கொள்வதாகவும் சொல்லி அனுப்பினார்.

அந்த வண்டிதான் வரவில்லை.

நாலு மணிக்குக் கள்ளுக்கடைத் தகரக்கதவைத் தூக்கும் சத்தம் கேட்டது. மகன் மூட்டையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

"வந்துருவாருடா. மாடுதானே, மெதுவாத்தான் வரும்."

"வரட்டும்பா."

பிறகு மூட்டையைப் பெஞ்சியில் வைத்தான். "செத்த நடந்துட்டு வாரேன். அவரு வந்தா நிறுத்தி வைங்க."

நான் அவன் கையைப் பிடித்தேன். அவன் உதறவில்லை, என் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல் விலக்கிவிட்டுப் போனான்.

வெயில் சாயும் வேளையில் வண்டி வந்தது. மரப்பாலத்தில் பலகை உடைந்து கிடந்ததால் சுற்றி வந்ததாகச் சொல்லி இறங்கிய கொட்டகைக்காரர், பெஞ்சியில் தனியாகக் கிடந்த மூட்டையைப் பார்த்தார்.

"நீங்க கடைக்குள்ள போயிக் கூப்பிட்டா வருவான் அண்ணே," என்றேன். என்னைவிட இளையவரை அண்ணே என்று கூப்பிட்டதுகூட அப்போது எனக்குத் தெரியவில்லை.

அவர் கடைப் பக்கம் பார்த்தார். காற்றில் புளித்த வாடை வந்தது. தோள் துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு, மாட்டைத் திருப்பினார்.

"காத்து இந்தப் பக்கமால்ல அடிக்குது வாத்தியாரே. நான் இங்க நிக்கக் கூடாது. நின்னா, அவன் பக்கத்துல போயி உக்காந்துருவேன்."