மேஜை விரிப்பில் ஒரு மஞ்சள் கறை

சவுக்காரம் பட்டதும் அந்தக் கறை செக்கச்செவேல் என்று ஆனது... ஈர விரிப்பில் அது பரவியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சவுக்காரத்தின் காரமான வாடை கூட மூக்கை விட்டுப் போகவில்லை.

எண்பது வருஷம் ஆகிறது. எனக்கு அப்போது பதிமூன்று வயசு. "நீ பேசு ஆயா, அதுவே எழுதிக்கும், எல்லாரும் படிக்கிற மாதிரி நான் போட்டுடறேன்" என்று பேரன் போனைக் கையில் கொடுத்திருக்கிறான். அதனால் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த கோபத்தை இங்கே கொட்டுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடத்தூர் பக்கம் ஒரு கிராமம். வெள்ளைக்காரன் இன்னும் போகாத காலம். அப்பா ஊர் மணியக்காரர். வருஷா வருஷம் வரிக் கணக்குப் பார்க்க ஜமாபந்திக்கு வரும் அதிகாரிக்கு எங்கள் வீட்டில்தான் மத்தியானச் சாப்பாடு. அதற்காகவே சேலத்திலிருந்து ஒரு மேஜையும், ஓரத்தில் நூல்பூ போட்ட வெள்ளை விரிப்பும் வாங்கி வந்தார். நாங்கள் எல்லோரும் தரையில்தான் சாப்பிடுவோம். அந்த மேஜைக்கு இருந்த மரியாதை வீட்டில் ஒரு பெண்ணுக்கும் கிடையாது.

விரிப்பைச் சலவைக்குப் போட மாட்டார். கல்லில் அடித்துக் கிழித்துவிடுவார்களாம். வீட்டிலேயே துவைக்க வேண்டும். துவைக்கிற வேலை அண்ணிக்கு. நல்லம்பள்ளிப் பெண், கல்யாணமாகி ஆறு மாசம்தான் ஆகியிருந்தது.

அன்றைக்கு அதிகாரிக்கு நானே பரிமாறுகிறேன் என்று அப்பா முந்திக்கொண்டு போனார். முழங்கை பட்டுக் குழம்புக் கிண்ணம் கவிழ்ந்தது. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்... கொட்டியது அப்பா கைதான்.

ரெண்டு நாள் கழித்து அதே அதிகாரி மறுபடி சாப்பிட வருவதாக இருந்தது. அதனால் அன்றைக்கே, அவர் கிளம்பிப் போனதும் அண்ணி விரிப்பை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். நான் தண்ணீர் ஊற்றினேன். சவுக்காரம் தேய்த்ததும் மஞ்சள் கறை சிவந்துவிட்டது.

மஞ்சள் என்றால் அப்படித்தான். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்தி சிவக்கிறதே, அதே சங்கதிதான். அடுப்படியில் நின்ற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அப்பா அந்தப் பக்கம் வந்தார். பார்த்தார்.

"என்ன இது? ரத்தமா?"

"இல்லீங் மாமா, குழம்பு கொட்டுச்சில்லீங்களா, அந்தக் கறைதானுங்க. சவுக்காரம் பட்டா செவக்குமுங்க."

"அது மஞ்சளா இருந்துச்சு. இது செவப்பா இருக்குது. எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? தூரத்தை மறைச்சுக்கிட்டு அடுப்படியில நின்னிருக்கறா! ஒரு அதிகாரிக்கு ஆக்கிப் போட்டிருக்கறா!"

தூரம் என்றால் மாசாமாசம் பெண்களை மூன்று நாள் கொட்டகையில் உட்கார வைப்பார்களே, அது. அதை மறைத்தாள் என்பது அந்தக் காலத்தில் லேசான பழி இல்லை. வாழ்க்கையே போய்விடும்.

ஆயுசில் ஒரு கோவணத்தைக் கூடத் துவைத்து அறியாத மனுஷன்! அவர் முன்னால் எத்தனை ஆரத்தி சுற்றியிருப்பார்கள்? அந்தத் தட்டில் சிவப்பாக இருந்தது என்ன என்று ஒரு நாளாவது யோசித்திருப்பாரா? இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சத்தம் கேட்டு வந்து நின்ற அம்மாவை அண்ணி பார்த்தார். "அத்தை, நீங்களாச்சும் சொல்லுங்க..."

அம்மா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

அண்ணி என்னைப் பார்த்தார். நான் வாளியைப் பார்த்தேன்.

அண்ணன் மட்டும் என்ன செய்தான்? "வண்டியைக் கட்டுடா, அவங்கம்மா வூட்டுல கொண்டுபோய் வுட்டுட்டு வா" என்று அப்பா சொன்னதும் வாயைத் திறக்காமல் மாட்டை அவிழ்க்கப் போனான். அண்ணி அழவில்லை. மாற்றுப்புடவை ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

வண்டி தெருமுனை திரும்பியிருக்காது. அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்துக்கொண்டு கிணற்றடிக்கு வந்து, கறை மேல் பிழிந்தாள். சிவப்பு அப்படியே மஞ்சளாகிவிட்டது... கண் எதிரே!

"ஏம்மா, இதை அப்பா இருக்கும்போதே பண்ணியிருக்கலாமில்ல?"

"வாய மூடு. அவரு சொன்னது தப்புன்னு அவரு மூஞ்சிக்கு நேரா காட்டச் சொல்றியா? அப்புறம் நானும் அந்த வண்டியில ஏற வேண்டியதுதான்."

ரெண்டு நாள் வெயிலில் போட்டோம். காயக் காயத் தண்ணீர் தெளித்தோம். கறை இருந்த இடமே தெரியவில்லை. அதிகாரி வந்து உட்கார்ந்து, விரிப்பைத் தடவிப் பார்த்து, பளிச்சென்று இருக்கிறதே என்றார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"எங்க வூட்டுல சுத்தம் பார்த்துத்தானுங்க எல்லாம்."

ரத்தம் என்று கத்தினாரே, அது எப்படி எலுமிச்சம்பழத்துக்கும் வெயிலுக்கும் போயிற்று என்று அவர் கேட்கவே இல்லை. அவருக்குத் துணி வெளுத்தால் போதும்.

அண்ணி எட்டு மாசம் பிறந்த வீட்டில் கிடந்தார். ஊர் என்னென்ன பேசியிருக்கும்! அப்புறம் யாரோ பெரியவர்கள் பேசிக் கூட்டிவந்தார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை... யாரும் கேட்கவில்லை. அடுத்த ஜமாபந்திக்கும் அதே விரிப்பை அண்ணிதான் துவைத்தார்.

இன்றைக்குப் பெங்களூரில் பேரன் அவனே மெஷினில் துணி போடுகிறான். போன மாசம் டேபிள் கிளாத்தில் சாம்பார் கொட்டி, சோப்பு பட்டுச் சிவந்தது. "மஞ்சள்தான் ஆயா, வெயில்ல போட்டா போயிடும்" என்றான், சாதாரணமாக. அவன் மகளுக்கும் பதிமூன்று வயசுதான். அவள் மட்டும் அன்றைக்கு அந்தக் கிணற்றடியில் நின்றிருந்தால் வீட்டையே ரெண்டாக்கியிருப்பாள்.

அப்பா செத்துக் காரியம் முடிந்த அன்றைக்கு அண்ணியிடம் சொன்னேன். "மனசுல வெச்சுக்காதீங்க அண்ணி. பாவம், அவருக்குத் தெரியாது."

அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார். "மாமாவுக்குத் தெரியாதுதான் கண்ணு. உனக்குத் தெரியுமில்ல?"

அன்றைக்கும் நான் வாய் திறக்கவில்லை. அண்ணியும் போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது. இப்போது இத்தனை பேர் பார்க்கச் சொல்கிறேன்...

தெரியும் அண்ணி. அப்பவே தெரியும்.