மத்தியான மாத்திரை

அப்பாவைக் கொன்றதாக அக்கா மேல் வழக்கு. நிரூபணமாகிவிட்டால் மிச்ச ஆயுளும் ஜெயில்தான். கூடப் பிறந்தவள் கூண்டில் நிற்கும்போது, 'இங்கேயும் எல்லாரும் இவளையேதான் பார்க்கிறார்கள்' என்று ஒருத்திக்கு வயிறு எரியுமா? சின்னவளுக்கு எரிந்தது. காவலுக்கு வந்த போலீஸ்கார அம்மா அக்காவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். யாரோ ஒரு புண்ணியவான் அவள் உட்கார ஸ்டூல் கேட்டான். ஜெயிலில் இருந்து வந்தவள் முகத்தில் அப்படி ஒரு களை! நாமும்தான் காலையில் இருந்து இந்தப் பெஞ்சில் கிடக்கிறோம், ஒரு நாய் சீந்தவில்லை என்று சின்னவள் முணுமுணுத்தாள்.

வீட்டில் இரண்டே பெண்கள். பெரியவள், சின்னவள். அப்பாவின் சைக்கிளில் முன்கம்பி பெரியவளுக்கு, பின்னால் கேரியர் சின்னவளுக்கு. முன்னால் இருப்பவளுக்கு ஊரையெல்லாம் காட்டிக் கதை சொல்லிக்கொண்டே போவார் அப்பா. பின்னால் இருப்பவளுக்கு அவர் முதுகு தெரியும். சின்னவளைக் கூப்பிடும்போதுகூட முதலில் வாயில் வருவது பெரியவள் பேர்தான். பிறகு 'ச்சே, சின்னவளே' என்பார். அந்த 'ச்சே'யை அவள் ஐம்பது வயதிலும் மறக்கவில்லை. மறப்பாளா என்ன?

சின்னவளுக்கு மருந்துக்கடையில் வேலை. வெள்ளைக் கோட்டு, கையில் கத்தரிக்கோல், நாள் முழுக்க நின்றபடி வேலை. முழு அட்டை வேண்டாதவர்களுக்கு மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுப்பாள். வெட்டியதில் மிஞ்சும் ஒற்றை மாத்திரைகள் கல்லாவுக்குக் கீழே ஒரு தகர டப்பாவில் சேரும். அட்டை ஓரத்தில் பேர் போய்விட்டால் அவற்றை விற்க முடியாது. கடைக்காரர்களுக்கு மட்டும் நிறத்தைப் பார்த்தே தெரியும், எது எதற்கென்று.

வீட்டுக்காரர் பஸ் மெக்கானிக், வாய்த்துடுக்கு. அன்று காலையில் அவள் தலை சீவுவதைப் பார்த்துவிட்டு, "கோர்ட்டுக்குப் போறியா, சினிமாவுக்குப் போறியா?" என்றார்.

"இன்னிக்குப் பெரிய டாக்டர் வர்றாங்களாம். விஷம் பத்தி சொல்ல. அவங்க சொல்றதுலதான் கேஸே இருக்காம்."

"உங்க அக்காவ உள்ள தள்ளுறதைக் கண்ணால பாக்கணும் உனக்கு."

"பாத்தா என்ன? அவ செஞ்சிருந்தா அனுபவிக்கட்டும்."

இந்த வழக்குக்கு வித்திட்டவளே சின்னவள்தான். அப்பா இறந்த அன்று, "அக்கா சரியாவே பாத்துக்கல, எரிஞ்சு எரிஞ்சு விழுவா, என்ன குடுத்தாளோ தெரியல" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் கத்தித் தீர்த்தாள். அதற்குப் பிறகுதான் உடலை அறுத்துப் பார்த்தார்கள், ரத்தத்தைச் சோதித்தார்கள், அக்காவைக் கூட்டிப் போனார்கள். பாலில் எலி மருந்து என்று தெருவில் பேச்சு. சின்னவளும் அதையே நம்பினாள். கோர்ட்டில் அவள் சாட்சி முடியும்வரை வெளியே உட்கார வைத்திருந்தார்கள். அதனால் வழக்கின் உள்விவரம் எதுவும் அவள் காதில் விழவில்லை. இன்றைக்குத்தான் உள்ளே இடம்.

கத்தினாளே, அது முழுப் பொய் இல்லை. அப்பாவே அவளிடம் சொல்லியிருந்தார். அக்கா பள்ளிக்கூட ஆபீசில் அரை நாள் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, கடையின் சாப்பாட்டு இடைவேளையில் சின்னவள் பின்சந்து வழியாக அக்கா வீட்டுக்கு அப்பாவைப் பார்க்கப் போவாள். அக்காவுக்குத் தெரியாது. தெரிந்தால் அதிலும் வந்து நடுவில் உட்கார்ந்துகொள்வாளே! ஒரு நாள் அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரியவ எனக்கு மாத்திரையே குடுக்கறதில்லம்மா" என்றார்.

அப்பாவுக்கு மறதி. காலையில் என்ன சாப்பிட்டார் என்பது பத்து மணிக்கு நினைவிருக்காது. சின்னவளுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் புத்தி தெளிவாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டாள். அவ்வளவு இனிப்பாக இருந்தது அந்த வார்த்தை. அக்காவிடம் கேட்கவில்லை. கேட்பாளா? சுவரில் ஒட்டியிருந்த மருந்துச் சீட்டைப் படித்தாள். மறுநாளில் இருந்து கடை டப்பாவில் இருந்து அதே இதய மாத்திரையை எடுத்துவந்து மத்தியானத்தில் அவளே கொடுத்தாள். "அக்காகிட்ட சொல்லாதீங்கப்பா" என்பாள். அவர் தலையை ஆட்டுவார். அவர்கள் இருவருக்கும் மட்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விஷயம். அதை நினைத்துக்கொண்டே சாயங்காலம் வரைக்கும் கடையில் பாட்டு முணுமுணுப்பாள்.

நிபுணர் அம்மா சாட்சிக் கூண்டில் ஏறினார். மெலிந்த உடம்பு, நரைத்த குட்டை முடி. கடிகாரத்தைக் கழற்றிக் கட்டை மேல் வைத்துவிட்டு, அவசரமே இல்லாமல் பேசினார்.

"என்ன விஷம்?" என்றார் அரசு வக்கீல்.

"வெளியில இருந்து வந்த விஷம் எதுவும் இல்லைங்க. அவர் தினமும் சாப்பிட்ட இதய மாத்திரைதான். ரத்தத்துல இருக்க வேண்டியதை விட ரொம்ப அதிகமா இருந்தது."

சின்னவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எலி மருந்து இல்லையா?

"மாத்திரைப் பெட்டியின் சாவி இந்த மகளிடம் மட்டும்தான் இருந்தது. ஒரேயடியாக அள்ளிக் கொடுத்திருப்பாரா?"

"அப்படித் தெரியலைங்க. வயசானவங்களுக்கு சிறுநீரகம் மெதுவாத்தான் வேலை செய்யும். அடைச்சுக்கிட்ட தொட்டி மாதிரி. தண்ணி போறதை விட வர்றது ஜாஸ்தியா இருந்தா, கொஞ்சம் கொஞ்சமா ஏறிக்கிட்டே போகும். சில வாரமா தினமும் ரெட்டை அளவு உள்ளே போயிருக்கணும்னு நினைக்கிறேன்."

"வேண்டுமென்றே கொடுத்திருக்கலாம்?"

"கையை நான் பாக்கலைங்க. ரத்தத்தைத்தான் பாத்தேன்."

அக்காவின் வக்கீல் எழுந்தார். "வெளியே ஏதாவது அறிகுறி தெரிந்திருக்குமா?"

"பசி போயிடும், குமட்டும். சில பேருக்குக் கண்ணுல ஒரு மாற்றம் வரும். வெள்ளையா இருக்கிறதெல்லாம் மஞ்சளாத் தெரியும்."

மஞ்சளா? சின்னவளுக்கு அப்பாவின் பேச்சு ஒன்று ஞாபகம் வந்தது. கடைசி வாரங்களில் ஒரு மத்தியானம் கடைக் கோட்டோடு போய் நின்றபோது அப்பா ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மஞ்சள் உனக்கு எடுப்பா இருக்கும்மா" என்றார். வெள்ளைக் கோட்டைப் பார்த்து! கிழவருக்குக் குறும்பு என்று அவள் சிரித்தாள். ஆனாலும் அதை ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னாள், மறுநாள் கடையில் சொன்னாள். அப்பா வாயில் இருந்து அவளுக்கென்று வந்த ஒரே புகழ்ச்சி. ஐயோ, அது நோயா? தான் கொடுத்த மாத்திரை பேசிய பேச்சா?

சாப்பாட்டுக்குக் கோர்ட் கலைந்தது. சின்னவள் எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது. டப்பா கல்லாவுக்குக் கீழே கிடக்கிறது. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் முடிந்தது. அக்கா உள்ளே போவாள். போகட்டுமே, முன்கம்பியில் உட்கார்ந்தவள்தானே! நாம் வாயைத் திறந்தால் என்ன ஆகும்? அவள் காலத்துக்கும் நல்ல மகள். அப்பாவைக் கொன்றவள் நாம். இதிலும் அவளே ஜெயிக்க வேண்டுமா? கால் வாசலைப் பார்த்து நடந்தது.

படிக்கட்டு ஓரத்தில் தண்ணீர்க் குழாய். அங்கே அரசு வக்கீல் நிபுணர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "வேற யாரு மேடம் குடுத்திருப்பா? அந்த அம்மாவை விட்டா அந்தக் கிழவரை ஒரு ஆள் திரும்பிப் பாத்ததில்ல. இன்னொரு பொண்ணு இருக்காங்க, பேருக்கு."

பேருக்கு! சின்னவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. நல்ல மனசு பொங்கி வந்து உண்மையைச் சொன்னாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

"நான் பாத்தேன்!" என்று அந்த வராந்தாவே திரும்பும்படி கத்தினாள். "தினமும் மத்தியானம் நான்தான் பாத்தேன்! அவ வேலைக்குப் போயிட்டா, நான் வந்தேன்! என் கையாலதான் குடுத்தேன்!"

நிபுணர் அம்மா தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். மெதுவாகக் கேட்டார். "என்னம்மா குடுத்தீங்க?"

சின்னவள் அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து மாத்திரையின் பேரைச் சொன்னாள்.

இடைவேளை முடிந்ததும் சின்னவளை மறுபடி கூண்டில் ஏற்றினார்கள். டப்பா, மாத்திரை, பின்சந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா? நீ மாத்திரை குடுக்கறியா இல்லையான்னு?"

"கேட்டிருந்தா அவ குடுக்கறேன்னு சொல்லியிருப்பா. அப்புறம் எனக்குன்னு எதுவும் இருந்திருக்காதுங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பொறாமைங்க. வேற என்னன்னு சொல்றது."

நீதிபதி எதிர்ப் பக்கம் திரும்பினார். "தங்கச்சி தினமும் வந்துட்டுப் போனது உங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

அக்கா இத்தனை நாளாக அந்தக் கோர்ட்டில் அழுததில்லை. அப்போதும் அழவில்லை.

"அவ வர்றதே இல்லன்னுதாங்க அப்பா சொன்னாரு. சாயங்காலம் ஆனாப் போதும், சின்னவ ஏன் வரல, சின்னவளைக் கூப்பிடுன்னு ஒரே அழுகை. நான் வாயில ஊட்டிக்கிட்டு இருப்பேன், அவரு வாசலைப் பாத்துக்கிட்டு இருப்பாரு. என் பேரைக்கூட ஒரு தடவை சொன்னதில்லைங்க." கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நான் இவளுக்கு ஒரு போன் போட்டிருந்தாப் போதும். அப்பா உன்னைத்தான் கேக்கறாருன்னு சொல்லியிருந்தா, தினமும் வர்றேனேன்னு இவ சொல்லியிருப்பா. மாத்திரை விஷயமும் அப்பவே வெளிய வந்திருக்கும். போடலைங்க. அதை இவகிட்டச் சொல்ல எனக்கு மனசு வரல."

அப்பா தன்னைத்தான் கேட்டார் என்பதை, அக்கா வாயாலேயே, சின்னவள் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டாள்.