காய்ந்த தூள் கேட்டு வந்தவர்கள்

புடவையைக்கூடப் பிரித்துப் பார்க்காமல் வாங்கிவிடுகிற ஜனங்கள், எரித்துச் சாம்பலாக்கப் போகிற மரத்தூளை மட்டும் பெண் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள். அந்தத் தூளை விற்பதுதான் எங்கள் தொழில். கடை வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி வாய் வலித்தவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

தேவிகுளத்தில் தாலுகா ஆபீஸுக்குக் கீழே, சரிவில் எங்கள் தகரக் கொட்டகை. அடிமாலிப் பக்கம் மர மில்லில் விழுகிற தூளை என் வீட்டுக்காரர் லாரியில் கொண்டுவந்து இறக்குவார். மலையாளத்துக்காரர்கள் அறக்கப்பொடி என்பார்கள். இதற்கென்று தகர அடுப்பு உண்டு. பெரிய பெயிண்ட் டப்பா மாதிரி, அடியில் ஒரு ஓட்டையோடு. நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, ஓட்டை வழியாக ஒரு கட்டையைச் செருகி, சுற்றிலும் தூளைக் கெட்டியாக இடிக்க வேண்டும். பிறகு பாட்டிலையும் கட்டையையும் அலுங்காமல் உருவிவிட்டு அடியில் பற்றவைத்தால் போதும், ஊதவே வேண்டாம். சோறும் குழம்பும் ஆன பிறகும் மத்தியானம் முழுக்கக் கனன்றுகொண்டிருக்கும். ஆடி மழையில் வீடே கதகதப்பாக இருக்கும். தூள் காய்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் முன்பு எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுத்தவள். மகள் பிறந்த பிறகு வேலைக்குப் போனபோது அவளை எஸ்டேட்டின் பிள்ளைக் கொட்டகையில் விட்டேன். நான் திரும்பி வருகிறவரை பால் குடிக்க மாட்டாள்; அழுது அழுது தொண்டை கட்டிவிடும். அதனால்தான் இந்தக் கடை. கடை ஓடினால் அவள் என் பக்கத்தில் மூட்டைமேல் தூங்குவாள். ஓடாவிட்டால் மறுபடி என் முதுகில் கூடை, அவள் கொட்டகையில். லயம் என்கிற எஸ்டேட் வரிசை வீட்டுக்காரர்களுக்குக் கவாத்து வெட்டின தேயிலைக் குச்சி சும்மா கிடைக்கிறது, அவர்கள் தூள் வாங்க மாட்டார்கள். ஆக, எங்களுக்குச் சோறு போடுவது ஆபீஸ் குவார்ட்டர்ஸ்தான். புது ஜில்லா வந்த பிறகு அங்கே ஆட்களும் கூடிவிட்டார்கள், அறிவும் கூடிவிட்டது.

பரீட்சை வைத்தவர்

ஆலப்புழையிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு கிளார்க். தீப்பெட்டி வாங்கினாலும் இரண்டு கடையில் குச்சியை எண்ணிப் பார்த்து வாங்குகிறவர். "எந்தத் தூள் நல்லது?" என்று கேட்டார். தேக்கு, பலா, கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸ் மூன்றும் இருக்கிறது, காய்ந்திருந்தால் எல்லாம் எரியும், தேக்கு கொஞ்சம் நின்று எரியும் என்றேன். விற்கிறவள் பேச்சை யார் நம்புவார்கள்? ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு பிடி அள்ளி, மூன்று பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு போனார்.

ஆபீஸ் பியூன் வந்து சொல்லித்தான் மீதி தெரிந்தது. மேஜைமேல் மூன்று தட்டு வைத்து, தூளைக் கோலப்பொடி மாதிரி பரப்பி, மேலே தீக்குச்சியைக் கிழித்துக் கிழித்துப் போட்டிருக்கிறார். எண்ணி வாங்கின பெட்டி காலி. இடித்து அடைக்காத தூள் கருகுமே தவிர எரியாது என்று குவார்ட்டர்ஸில் குழந்தைக்குக்கூடத் தெரியும். சாயங்காலம் கடைக்கு வந்தார். தீர்ப்புச் சொல்கிற ஜட்ஜ் மாதிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சேச்சி, மூணும் எரியலை. ஆனா எரியாததுல பலா கொஞ்சம் பரவாயில்லை."

புட்டுக்காரி

ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி, கோட்டயம் பக்கம். நல்லவள்தான், என் மகளைப் பார்த்தால் தூக்காமல் போக மாட்டாள். தூள் அடைக்கிற விதத்தை நான் காட்ட வந்தால் மட்டும் கை காட்டித் தடுத்துவிடுவாள். "எனக்குப் புட்டு அடைக்கத் தெரியும், இது தெரியாதா?" புட்டு மாவை அமுக்கினால் கல்லாகிவிடும் என்று தூளையும் அப்படியே பூ மாதிரி அள்ளிப் போட்டிருக்கிறாள். பாட்டிலை உருவினதும் நடுக்குழி பொலபொலவென்று சரிந்து மூடிக்கொண்டது. அதை மறுபடி தோண்டி, மறுபடி பூப்போலப் போட்டு, மறுபடி சரிந்து, கடைசியில் வராந்தாவில் கல் கூட்டித்தான் கஞ்சி வைத்தாளாம்.

நான் போய் ஒரு உலக்கைத் துண்டால் நாலு இடி இடித்து அடைத்துப் பற்றவைத்தேன். கணகணவென்று எரிந்தது. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அடுப்பை முறைத்துப் பார்த்தாள்.

"எங்க நாட்டுல நான் அடைச்ச மாதிரி அடைச்சா புட்டு பஞ்சு போல வரும். குத்தம் உங்க பொடியிலதான்."

குளிர் காய வந்த சொந்தம்

எங்கள் கடையில் எப்போதும் ஒரு அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், வாங்க வருகிறவர்கள் பார்ப்பதற்கு. வாங்காதவர்களும் பார்ப்பார்கள். அதில் முதல் ஆள் என் நாத்தனார். வேலை விட்டதும் லயத்துக்குப் போகாமல் நேராகக் கடைக்கு வந்து, முக்காலியை அடுப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே எனக்கு உபதேசம். "எரிக்கத் தூளு விக்கிறதெல்லாம் ஒரு பொழப்பா? பேசாம கொழுந்துக்கு வந்துரு புள்ள. ஒம் புள்ள மட்டும் என்ன மகாராணியா? எம் புள்ளைக கொட்டகையில வளரல?"

ஒரு நாள் பொறுக்க முடியாமல், "சரி மதினி, அடுத்த மாசம் கடைய எடுத்துருதோம்," என்றேன். காய்ந்துகொண்டிருந்த கையை வெடுக்கென்று இழுத்தாள்.

"அடுத்த மாசமா? ஆடி முடியட்டும் புள்ள. நாங்க எங்க போயிக் காயுறது?"

அழுகிற அடுப்பு

கடையை எடுப்பதாக விளையாட்டுக்குச் சொன்னது நிஜமாகப் பார்த்தது. ஆபீஸில் ஹெட் கிளார்க்காக வந்தவரின் சம்சாரம், பாலக்காட்டில் கோயில் தெருக்காரி. எல்லோருக்கும் மாமி. குவார்ட்டர்ஸில் மாமி அப்பளம் காயப்போட்டால் எல்லா வாசலிலும் அப்பளம் காயும். எடுத்தால் எல்லா வாசலிலும் எடுப்பார்கள். அந்த மாமி ஒரு மூட்டை தூள் வாங்கினாள். கையில் அள்ளினால் விரலிடுக்கில் மணல் மாதிரி ஓடுகிற தூள். மறுநாள் அவர்கள் வீட்டு ஓட்டுக்கு மேலே புகை. ஹெட் கிளார்க் வராந்தாவில், சாரல் அடிக்கிற மழையில், ஒரு கையில் குடையும் ஒரு கையில் பைலுமாக உட்கார்ந்திருந்தார். உள்ளே இருக்க முடியவில்லையாம்.

மூட்டையை மாற்றிக் கொடுத்தேன். அதற்கும் புகை. எங்கள் அடுப்புக்கு வைத்திருந்த தூளையே கொடுத்துப் பார்த்தேன். அதற்கும். இடிப்பதிலும் கோளாறு இல்லை; மாமி இடித்தால் அம்மியே பொடியாகும். மாமி முகம் சுளித்ததும் மற்ற வீட்டுக்காரர்கள் சொல்லிவைத்த மூட்டைகளை வேண்டாம் என்றுவிட்டார்கள். என் வீட்டுக்காரர் எஸ்டேட் கங்காணியிடம் பேசிவிட்டு வந்து, திங்கட்கிழமை என்னைக் கொழுந்துக்கு வரச் சொன்னதாகச் சொன்னார். அந்த நேரம் பார்த்து மாமி வழியில் நின்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

"உன் தூள் எரியறதுக்கு முன்னே அழறதுடீ. நாங்களும் கூட உக்காந்து அழறோம். இனிமே எங்களுக்குக் கரியே போறும்."

ஒரு சொம்பு தண்ணீர்

எனக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் ஒரு மூட்டையைத் தலையிலும் மகளை இடுப்பிலும் வைத்துக்கொண்டு நானே மாமி வீட்டுக்குப் போனேன். "காசு வேண்டாம் மாமி, எரியுதான்னு பாருங்க." "வாசல்லேயே வை," என்றாள். வைத்தேன். உள்ளே போய் ஒரு பித்தளைச் சொம்போடு வந்தாள். ஏதோ முணுமுணுத்துக்கொண்டே மூட்டை வாயைத் திறந்து தண்ணீரைத் தெளித்தாள். தெளித்தாள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், சொம்பு காலி.

"இது எதுக்கு மாமி?" என்றேன். "விறகுன்னா முழுசு, தோஷமில்லை. இது பொடியோன்னோ, யார் யார் கையெல்லாம் அள்ளித்தோ," என்றாள். அள்ளின கை அவள் எதிரிலேயே பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நின்றது. நாக்கு நுனிக்கு இரண்டு வார்த்தை வந்தது. சொல்லியிருந்தால் அன்றைக்கு நன்றாகத்தான் இருந்திருக்கும். திங்கட்கிழமை கூடை மாட்டும்போது நன்றாக இருந்திருக்காது. மகள் என் தாலிக்கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தாள். வந்ததை விழுங்கிவிட்டு, "உங்க மேல குத்தமில்ல மாமி. பாலக்காட்டு வெயில்ல தெளிச்சா நிமிஷத்துல காஞ்சிரும். இந்த மலைத்தண்ணி விழுந்த இடத்த விட்டு எந்திரிக்காது," என்றேன். மாமி காலிச் சொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், களவாணியைப் பார்க்கிற மாதிரி.

மத்தியானம் அவளே ஆள் அனுப்பி இன்னொரு மூட்டை வாங்கிக்கொண்டாள். அதன்மேல் சொட்டுத் தண்ணீர் படவில்லை. பொழுது சாயும்போது ஹெட் கிளார்க் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே போனதை நான் கடையிலிருந்தே பார்த்தேன். சனிக்கிழமை காலையில் மாமி முன்னால் நடக்க, குவார்ட்டர்ஸ் பெண்கள் கடைக்கு வந்தார்கள். மாமி மூட்டையைத் தட்டிக் காட்டி எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள்.

"தூள்லே ஒரு குத்தமும் இல்லை, கேட்டேளா. இந்த ஊர் ஜலத்துக்காக்கும் ஈரம் ஜாஸ்தி."

படித்தவர்கள் நிறைந்த அந்தக் குவார்ட்டர்ஸே தண்ணீரில் ஈரம் அதிகம் என்று தலையாட்டி மூட்டை தூக்கிப் போனதால், திங்கட்கிழமை எஸ்டேட்டில் கங்காணி என் பேரைக் கூப்பிட்டபோது நான் கடையில் மகளுக்கு மூட்டைமேல் சாக்கு விரித்துக்கொண்டிருந்தேன்.